மலருக்கு முன்னே மண்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமான் திருமார்பில் மாலை சாத்தப்பெறும்போது நம் கண்கள் மாலையைக் காண்கின்றன. மாலையைக் கண்டவர்களுள் சிலர் அதைத் தொடுத்த கைகளையும் நினைப்பார்கள். வேறு சிலர் அந்தப் பூ மலர்ந்த செடியையும், அதற்கு நீர் வார்த்தவரையும் நினைப்பார்கள். அச்செடியின் வேரைத் தன் மடியில் வைத்துக் காத்த மண்ணை நினைப்பவர் மிக அரியர். மண் கண்ணுக்குத் தெரியாதபடி கீழே கிடக்கிறது; மிதிபடுகிறது; மணம் முழுவதையும் மலருக்குக் கொடுத்துவிட்டுத் தான் பேசாமல் இருக்கிறது. அந்த மண்ணைத் திருத்தும் கைங்கர்யத்தைப் பற்றி இவ்விதழில் சிறிது அநுபவிப்போம்.

ஆழ்வார்கள் பதின்மருள் இருவர் புஷ்பகைங்கர்யத்தையே தம் திருவாழ்வாகக் கொண்டவர்கள் என்பது நாம் அறிந்ததே. ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்கு நந்தவனம் அமைத்துத் திருமாலை ஸமர்ப்பித்தவர் பெரியாழ்வார். திருவரங்கத்தில் பெரிய பெருமாளுக்கு நந்தவனம் அமைத்து, பூக்குடலையைத் தோளிலே சுமந்தவர் தொண்டரடிப்பொடியாழ்வார். இவ்விருவருடைய வைபவத்திலும் மண் எப்படி வந்து நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரியாழ்வார் திருத்துழாய்ப் பாத்தியில் கண்டெடுத்தது ஸாக்ஷாத் பூமிப்பிராட்டியின் அவதாரமான ஆண்டாளை. மற்றோர் ஆழ்வார் தமக்கென்று உகந்து பூண்ட திருநாமமோ அடியார்களின் திருவடிப் பொடி. ஒருவருக்கு மண் மகளாக வந்தது. மற்றொருவர் தாமே மண்ணாக ஆசைப்பட்டார். பூவைத் தேடிச் சென்ற இருவரையும் எம்பெருமான் மண்ணிடம் கொண்டுவந்து நிறுத்தினான் என்று தோன்றுகிறது.

இதை நூல்களில் பலமுறை படித்திருந்தும், அடியோங்கள் ஒரு பெரிய தவறு செய்த பிறகே சிறிது உணர்ந்தோம். அத்தவற்றை மறைக்காமல் இங்கே விண்ணப்பிப்பது மற்றவர்களுக்கு உதவக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு கிராமத்துத் திருக்கோயிலின் மதிலை ஒட்டி முட்புதர் மண்டிக் கிடந்த 10 சென்ட் நிலத்தை மீண்டும் நந்தவனமாக்கும் பேறு எங்கள் சிறு கோஷ்டிக்கு வாய்த்தது. பெரியாழ்வார் திருநக்ஷத்திரமான ஆனி ஸ்வாதியன்று தொடக்கம் என்று நிச்சயித்தோம். அழைப்பிதழ் அச்சிட்டோம். முட்களை வெட்டினோம். இடம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று, ஒரு மூலையில் மக்கிக் கிடந்த சருகுக் குவியலையும் வாரி எடுத்து வெளியே போட்டுக் கொளுத்தினோம். நாற்றுப்பண்ணையிலிருந்து நல்ல மல்லிகைச் செடிகளாகத் தேர்ந்து 60 செடிகள் வாங்கி வந்து நட்டோம். புகைப்படங்கள் எடுத்துக்கொண்டோம். திருமாலை எப்போது தொடுக்கலாம் என்று நாள் எண்ணத் தொடங்கினோம்.

ஆவணியில் இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க, இடைப்பகுதி மஞ்சளாயிற்று. ஐப்பசி மழையில் குழிகளில் இரண்டு நாள் நீர் வடியாமல் நின்றது. கார்த்திகை முடியும்போது 60 செடிகளில் 19 மட்டுமே உயிரோடு இருந்தன. எங்களுக்குள் பேச்சு தடித்தது. நாற்று கொடுத்தவர் மீது குறை என்றார் ஒருவர். நீர் விட்டவர் மீது குறை என்றார் மற்றொருவர். எம்பெருமான் திருவுள்ளம் இல்லை போலும் என்று சொல்லி ஒருவர் ஒதுங்கிக்கொண்டார். செய்த பிழையை அவன் திருவுள்ளத்தின்மேல் ஏற்றிவிடுவது எவ்வளவு எளிதாக வருகிறது!

அந்தத் திருக்கோயில் வாசலைப் பல ஆண்டுகளாகப் பெருக்கி வந்தவர் ஒரு வயதான அம்மையார். எழுதப் படிக்க அறியாதவர்; வயல்வேலை செய்து முதிர்ந்த கை. எங்கள் பேச்சு ஓய்ந்தபின் அவர் மெல்ல வந்து சொன்னார்: "செடி நல்ல செடிதான் சாமி. மண்ணுக்குத்தான் மூச்சு முட்டுது. மதிலு கட்டுனப்ப லாரி ஓடுன தரை இல்லையா இது?" பிறகு, குற்றம் சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல், "அந்த மூலையில கெடந்த எலைக்குப்பை இருந்திருந்தா கொஞ்சம் தேத்தியிருக்கலாம்" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் கொளுத்தியது குப்பையன்று. அவர் நாள்தோறும் ஸந்நிதி வாசலில் பெருக்கிய சருகுகளை வீணாக்க மனமில்லாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த இலைமக்கு. அந்த நிலம் முழுவதிலும் உயிருள்ள மண் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. அதை எரித்த அன்று அவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். நெருப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. பூமிக்கு க்ஷமா என்று பெயர். பொறுமைக்கும் அதுவே பெயர். அன்று இரண்டும் எங்கள் எதிரே ஒன்றாக நின்றன, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

பாகவதாபசாரம் என்பதைப் பற்றி எத்தனையோ உபந்யாஸங்கள் கேட்டிருக்கிறோம். அது கடுஞ்சொல்லாலும் தீச்செயலாலும் மட்டும் நேருவது என்று எண்ணியிருந்தோம். ஒருவருடைய கைங்கர்யத்தைக் கைங்கர்யம் என்றே அறியாமல், அதைக் குப்பை என்று வாரி எறிவதும் அபசாரமே. நந்தவனம் தொடங்கிய அன்றே எங்கள் நந்தவனம் பட்டுப்போனதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இனி மண்ணைப் பார்ப்போம்.

மண்ணைத் திருத்துவதற்கு முன் மண்ணை அறிய வேண்டும். பாசுரத்திற்குப் பதவுரை எப்படியோ, நிலத்திற்கு அப்படி இந்தச் சோதனை. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிட வேண்டும். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி மிகத் தாமதித்து, ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகித் தெளியும். அடுக்குகளின் தடிப்பைப் பார்த்தாலே நம் மண் எவ்வகை என்று தெரிந்துவிடும். அடுத்து, ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்ப வேண்டும். மறுநாளும் நீர் நின்றால் அங்கே வேர் மூச்சுவிட இயலாது. வேருக்கும் காற்று வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

எங்கள் நிலத்தில் கண்டது இது. மேலே அரையடி மண். அதில் பழைய மதிலின் சுண்ணாம்புக் காரையும் சிமெண்டுச் சில்லுகளும். அதன் கீழே, பாரவண்டிகள் ஏறி இறங்கியதால் கல்போல் இறுகிய ஒரு தட்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இலை வெளுத்ததற்கு அதுவே காரணம். இறுகிய தட்டு நீரைக் கீழே விடாது. வேர் அழுகியதற்கு அதுவே காரணம். சத்து இல்லாமல் அன்று, சத்து இருந்தும் பெற முடியாமல் செடி வாடியது. சாஸ்த்ரங்கள் நிறைந்திருந்தும், ஆசார்யர்கள் எழுந்தருளியிருந்தும் நாம் வாடுவது இவ்வாறன்றோ!

மண்ணைக் கொத்துவதற்கும் காலம் உண்டு. அதிக ஈரத்தில் களிமண்ணைக் கொத்தினால் கட்டி கட்டியாக இறுகிவிடும். நன்கு காய்ந்தபின் கொத்தினால் கருவிதான் தேயும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினால் உருண்டையாக வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். இதனைப் பதம் என்பார்கள் உழவர்கள். பதம் என்னும் சொல்லே திருவடியையும் குறிக்கும் என்பது ரஸிக்கத்தக்கது. உருண்டு திரளவும் வேண்டும், தொட்டால் நெகிழவும் வேண்டும். திருவடியைப் பற்ற வரும் நெஞ்சுக்கும் வேண்டிய நிலை அதுவே.

களிமண்ணை நெகிழ்த்த மணலைக் கொட்டினால் போதும் என்று பலர் நினைப்பதுண்டு. சிறிதளவு மணல் கலந்த களி காய்ந்தால் செங்கல்போல் இறுகிவிடுவதும் உண்டு. களிக்கும் மணலுக்கும் பொதுவான மருந்து மக்கிய எருவே. களியில் அது துகள்களைப் பிரித்து இடைவெளி உண்டாக்குகிறது. மணலில் அதுவே துகள்களைப் பிணைத்து ஈரத்தை நிறுத்துகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு குறைகளுக்கு ஒரே மருந்து. ஆசார்யனுடைய ஒரே உபதேசம் செருக்குற்றவனை நெகிழ்த்துவதும், தன்னால் ஆகாது என்று சோர்ந்தவனைத் திரட்டி நிறுத்துவதும் நாம் கண்டதுதானே.

எருவைப் பற்றிச் சொல்லும்போது, திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அங்கே நம்மாழ்வார் நாயகி நிலையில் நின்று தம் காதல் வளர்ந்த விதத்தைப் பயிர்த்தொழிலாகவே அருளிச்செய்கிறார். நெஞ்சம் வயலாகிறது; ஆசை அதில் விதையாகிறது. ஊரார் தூற்றும் பழிமொழி எருவாகிறது. தாய் கடிந்து சொல்லும் சொல் பாயும் நீராகிறது. தடுக்க வந்தவையெல்லாம் வளர்க்கும் பொருள்களாகிவிட்டன என்பது இதன் சுவை.

இதில் உழவர் அறிந்த ஒரு நுட்பம் உண்டு. எரு எல்லாம் உடனே எருவாகிவிடாது. பச்சைச் சாணத்தை வேரடியில் இட்டால் அதன் சூடு வேரைக் கருக்கிவிடும்; மக்காத எருவில் வெண்புழு சேரும். சருகு ஓரடுக்கு, பச்சைத்தழை ஓரடுக்கு, சாணக்கரைசல் ஒரு தெளிப்பு என்று மாறி மாறி அடுக்க வேண்டும். பிழிந்த துணி அளவு ஈரம் இருக்க வேண்டும். சில நாட்களில் குவியல் உள்ளே கொதிக்கும். கை வைத்தால் சுடும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால், மூன்று நான்கு மாதங்களில் கொதிப்பு அடங்கிக் கறுத்து உதிரும். சருகு எது, சாணம் எது என்று பெயரும் உருவும் தெரியாமல் போய், முதல் மழை பெய்த மண்ணின் மணம் வீசும்போதுதான் அது வேருக்கு உணவு.

பழிச்சொல்லும் அப்படியே. அம்மையார் சொன்ன சொல் எங்களுக்கு முதலில் சுட்டது. "நமக்குச் சொல்ல இவர் யார்" என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்ததும் உண்மை. அன்றே பதில் சொல்லியிருந்தால் அச்சொல் எங்கள் வேரைக் கருக்கியிருக்கும், அவரையும் புண்படுத்தியிருக்கும். சில வாரங்கள் நெஞ்சில் போட்டுப் புரட்டினோம். சூடு ஆறியபின் அதில் இருந்தது பழியே அன்று, வழி என்று கண்டோம். ஆழ்வாருக்குப் பழி உடனே எருவாயிற்று. அது அவருடைய நிலத்தின் பெருமை. நம் போன்றவர்கள் அதை மக்கவைத்தே இடவேண்டும்.

தையில், அம்மையார் காட்டிய வழியே வேலை தொடங்கியது. மேல்மண்ணைச் சல்லடையில் சலித்துக் காரையை அகற்றினோம். இறுகிய தட்டைக் கடப்பாரையால் இரண்டடி ஆழம் வரை உடைத்தோம். நீர் வடியும்படி பாத்திகளை உயர்த்தினோம். பிறகு, மல்லிகைக்கு அவசரப்படாமல், சணப்பு விதைத்தோம். சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி முதலியவை பசுந்தாள் உரப் பயிர்கள். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்து நிறுத்துகின்றன. ஆழமாக இறங்கும் வேர்கள் இறுகிய மண்ணைத் துளைக்கின்றன. ஏறக்குறைய 50 நாட்களில் மொட்டு விடத் தொடங்கும்போது அப்படியே மடக்கி மண்ணிலே புதைத்துவிட வேண்டும்.

அன்று எங்கள் கோஷ்டியில் ஓர் இளைஞர் மடக்கத் தயங்கினார். "இவ்வளவு செழித்த செடி, மஞ்சள் பூ பூக்கப்போகிறது. ஒரு பூவாவது எம்பெருமானுக்குச் சேர வேண்டாமா?" என்றார். நல்ல கேள்வி. சணப்பின் பூ மாலையில் சேரவில்லை. ஆயினும் பின்னால் மலர்ந்த ஒவ்வொரு மல்லிகையிலும் சணப்பின் உடல் இருக்கிறது. மல்லிகை எம்பெருமானுக்கு அடிமை செய்கிறது. சணப்போ மல்லிகைக்கு அடிமை செய்கிறது. அடியார்க்கு அடிமையாய் இருப்பதே அடிமையின் எல்லைநிலம் என்று நம் பூர்வர்கள் நிலையிட்டார்கள். தேவு மற்றறியாமல் நம்மாழ்வார் திருவடிகளையே பற்றி நின்ற மதுரகவியாழ்வார் அருளிச்செய்தவை 11 பாசுரங்களே. ஆயினும் அந்நிலை இல்லாமல் ஸம்ப்ரதாயம் வேரூன்றாது. சணப்பை மடக்கிய அன்று அதை மண்ணில் கண்டோம்.

இங்கே அனந்தாழ்வானை நினைக்காமல் மேலே செல்லலாகாது. திருவேங்கடத்தைப் பாடும் திருவாய்மொழியை விவரித்துக்கொண்டிருந்த எம்பெருமானார், திருமலையின் குளிரையும் தனிமையையும் பொறுத்து, அங்கே நந்தவனம் செய்து திருவேங்கடமுடையானுக்குப் பூ ஸமர்ப்பிக்க வல்லார் உண்டோ என்று கேட்டருளினார். கோஷ்டி பேசாதிருந்தது. அனந்தாழ்வான் எழுந்து நின்றார். திருமலை சென்று அவர் முதலில் எடுத்தது பூக்குடலையை அன்று, கடப்பாரையை. நீர் இல்லாமல் நந்தவனம் ஏது? ஆகவே ஏரி வெட்டினார். அவர் வெட்ட, கருவுற்றிருந்த அவருடைய தேவிகள் கூடையில் மண் சுமந்தார். சிறுவன் வடிவில் வந்து மண் சுமக்க உதவிய எம்பெருமானை, தம் கைங்கர்யத்தில் பங்கு கேட்பவனாக எண்ணி அனந்தாழ்வான் துரத்தியதும், எறிந்த கடப்பாரை திருமுகவாயில் பட்டதும், அதற்காக இன்றும் அங்கே பச்சைக்கர்ப்பூரம் சாத்தப்படுவதும் யாவரும் அறிந்தவை. திருமலை மஹாத்வாரத்தில் அந்தக் கடப்பாரையை இன்றும் ஸேவிக்கிறோம்.

நம் ஸம்ப்ரதாயத்தில் திருமலைக்குப் புஷ்பமண்டபம் என்று திருநாமம். அந்தப் புஷ்பமண்டபத்தின் நுழைவாயிலில் பூக்குடலை தொங்கவில்லை. மண் வெட்டிய கருவி தொங்குகிறது. எம்பெருமான் தானே விரும்பி வந்து பங்கு கொண்டதும் பூத்தொடுக்கும் வேளையில் அன்று. மண் சுமக்கும் வேளையில். ஒரு பெண்பிள்ளை தலையில் இருந்த மண்கூடையின் பாரத்தை அவன் பொறுக்கமாட்டாமல் ஓடிவந்தான். எங்கள் நிலத்தில் ஆண்டுக்கணக்கில் சருகு சுமந்த அந்த அம்மையாருடனும் அவன் எத்தனை முறை நடந்திருப்பானோ, யார் கண்டார்!

இவ்விடத்தில் ஒரு ஸந்தேஹம் எழலாம். பலனை எம்பெருமானே தருகிறான், உபாயமும் அவனே. அப்படியிருக்க, மண்ணைத் திருத்து, நெஞ்சைத் திருத்து என்று சொல்லுவது நம் முயற்சியை உபாயமாக்குவது ஆகாதோ?

ஆகாது. மண்ணைப் பார்த்தே இதற்கு விடை சொல்லலாம். எவ்வளவு திருத்தினாலும் மண் தானாக மழையைப் பெய்விக்காது. வெயிலையும் உண்டாக்காது. இறுகிய மண் செய்யும் தீங்கு ஒன்றே: பெய்யும் மழையை உள்ளே விடாமல் ஓடவிடுகிறது. திருத்திய மண்ணில் நிகழ்வதும் ஒன்றே: அந்தத் தடை நீங்குகிறது. வானத்திலிருந்து வரும் மழை இரண்டுக்கும் ஒன்றுதான். எம்பெருமான் நம்மிடம் எதிர்பார்ப்பது விலக்காமை ஒன்றையே என்று பெரியோர் அருளிச்செய்வதன் பொருள் இது. மண்ணின் நெகிழ்ச்சி மழைக்கு விலை ஆகுமோ? ஆகாது. கதவைத் திறந்து வைத்தவன் வந்த விருந்தினரைத் தானே படைத்தேன் என்று சொல்லமாட்டான்.

இன்னும் ஒரு படி மேலே சென்றால், அந்தத் தடையை நீக்கும் கையும் அவனுடையதே. திருமழிசையாழ்வார் நான்முகன் திருவந்தாதியில் எம்பெருமானை பக்தியை விளைக்கும் உழவனாகவே கண்டார். நம் நெஞ்சமோ அவன் நெடுங்காலமாக உழுதுவரும் பழைய புனம். முன்பே உழுது பயிரிட்ட நிலத்தில், உதிர்ந்து கிடந்த விதைகள் புதிதாக விதைக்காமலே முளைப்பதை உழவர்கள் அறிவார்கள். எத்தனை பிறவிகளாக அவன் உழுதானோ! இன்று நமக்குத் திருநாமத்தில் சிறிது ருசி பிறந்தால், அது இன்று நாம் விதைத்ததன்று.

தொண்டரடிப்பொடியாழ்வார் வைபவத்தில் பூர்வர்கள் சொல்லும் ஓர் ஐதிஹ்யம் இதனை மிக இனிதாகக் காட்டும். திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் மதில் கட்டும் கைங்கர்யம் செய்தபோது, அம்மதில் செல்லும் வழியில் தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் இருந்தது. நந்தவனத்திற்கு ஊறு நேராதபடி திருமங்கையாழ்வார் மதிலை விலக்கிக் கட்டினார். அதைக் கண்டு உகந்த தொண்டரடிப்பொடியாழ்வார், தம் நந்தவனப் பணியின் கைக்கருவிக்கு, திருமங்கையாழ்வாரை நினைத்து, அருள்மாரி என்று பெயரிட்டார். அருள்மாரியாவது அருளாகிய மழை. மண்ணைக் கொத்தும் இரும்புக்கு மழையின் பெயர்! மேலிருந்து நனைக்கும் மழையும் அருள். அம்மழை உள்ளே இறங்கும்படி இறுகலை உடைக்கும் இரும்பும் அருள். நம் வாழ்வில் நம்மை உடைத்த சொற்களையும் நிகழ்ச்சிகளையும் நினைத்துப் பார்ப்போம். அவற்றுள் எத்தனை அருள்மாரிகள்! மதில் கட்ட வந்தவர் நந்தவனத்திற்காக விலகினார் என்பதையும் மறக்கலாகாது. ஒருவர் கைங்கர்யம் மற்றொருவர் கைங்கர்யத்தை அழிக்கலாகாது. இதை முன்பே மனத்தில் கொண்டிருந்தால் நாங்கள் அந்தச் சருகுக் குவியலில் தீ வைத்திருக்கமாட்டோம்.

வெளிநாடுகளில் எழுந்தருளியிருக்கும் அடியார்கள், எங்களுக்கு நிலம் ஏது, நந்தவனம் ஏது என்று கேட்கலாம். ஒரு தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம பங்கு கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் இட்டால் திருத்துழாய் நன்றாக வரும். செம்மண் கிடைக்காத இடத்தில் தோட்ட மண்ணும், ஊறவைத்துக் கழுவிய தேங்காய் நார்த்தூளும் சேர்க்கலாம். புதிதாகக் கட்டிய வீடுகளில் மேல்மண் அகற்றப்பட்டு, இயந்திரங்கள் ஓடி இறுகிய அடிமண்ணே மிஞ்சியிருப்பது வழக்கம். எங்கள் நிலத்தின் கதைதான். அங்கே செடி வாங்குவதற்கு முன் ஓராண்டு மண்ணுக்குக் கொடுங்கள். லண்டன் முதலிய இடங்களில் கனத்த களிமண் உண்டு. இலையுதிர் காலத்துச் சருகுகளைக் குவித்து ஈரமாக வைத்தால் ஓரிரு ஆண்டுகளில் இலைமக்காகும். திருத்துழாய் உறைபனியைத் தாங்காது. குளிர் தொடங்குமுன் வீட்டினுள்ளே வெயில் விழும் சாளரத்தருகே எழுந்தருளப் பண்ணவேண்டும். திருத்துழாய் தீர்த்தத்தில் சேர்ந்து உள்ளே செல்வது. ஆதலால் அதன் மண்ணிலும் இலையிலும் பூச்சிமருந்து கூடவே கூடாது. தொழுவுரமும் சிறிது வேப்பம்புண்ணாக்கும் போதும்.

களைந்த மாலைகளைப் பற்றியும் ஒரு சொல். நிர்மால்யம் காலில் படலாகாது. ஞெகிழிப்பையில் கட்டிக் குப்பையில் எறிவதும் தகாது. நூலையும் நாரையும் பிரித்து, நடமாட்டமில்லாத இடத்தில் தனிக்குழியில் இட்டு மக்கவைத்தால், அதுவே அடுத்த மலருக்கு எருவாகும். அவன் திருமேனியைத் தொட்டது மண்ணுக்குப் போய், மீண்டும் மலராகி அவனிடமே வருகிறது. போன பூ மீண்டும் போகும் வழியை மண் அறியும்.

எங்கள் நந்தவனத்தின் முடிவைச் சொல்லி நிறுத்துவோம். பங்குனியில் சணப்பை மடக்கினோம். அது மக்கியபின், மறு ஆனியில் நான்கடி இடைவெளியில் ஓரடிச் சதுரக் குழிகள் எடுத்து, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரமிட்டு மீண்டும் மல்லிகை நட்டோம். இம்முறை அழைப்பிதழ் இல்லை, புகைப்படமும் இல்லை. செடியைச் சுற்றிச் சருகு மூடாக்கு இட்டோம். ஐப்பசி மழை பெய்தது. குழிகளில் நீர் நிற்கவில்லை. மண்ணைக் கிளறினால் மண்புழுக்கள் தென்பட்டன. அவற்றைக் கண்டபோது, செடி துளிர்த்ததைக் கண்டதைவிட அதிகமாக மகிழ்ந்தோம்.

நடுவதற்கு முன், நாங்கள் அம்மையாரிடம் சென்று, அவருடைய குவியலை எரித்ததற்குப் பொறுத்தருள வேண்டினோம். அவர் சிரித்தார். "அது கெடக்கு சாமி. புதுக் குப்பையை எங்க போடப் போறீங்க? புங்கமரத்து நெழல்ல போடுங்க, காயாது" என்றார். பொறுத்ததற்கான பேச்சே இல்லை. அடுத்த கைங்கர்யத்திற்கான பேச்சே இருந்தது. இப்போது புங்கமரத்தடியில் ஒரு குவியல் இருக்கிறது. ஸந்நிதி வாசலில் பெருக்கும் சருகு அதில் சேருகிறது.

சித்திரையில் முதல் மல்லிகை மலர்ந்தது. இரண்டு கை கொள்ளும் அளவே. அதைப் பறித்துத் தொடுத்த தாயார் ஒருவர் குடலையை அம்மையார் கையில் கொடுக்க, அவர் அதை ஸந்நிதி வாசலில் அர்ச்சகஸ்வாமியிடம் ஸமர்ப்பித்தார். எம்பெருமானுக்கு அது சாத்தப்பெற்றதை வாசலில் நின்று ஸேவித்துவிட்டு அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆண்டாள் நமக்குச் சொன்ன மூன்று கைங்கர்யங்கள், கையால் மலரிடுதல், நாவால் அவனைப் பாடுதல், நெஞ்சால் அவனை நினைத்தல். பூமிப்பிராட்டி வராஹப்பெருமானிடம் கேட்டறிந்த எளிய வழியையே மண்ணில் பிறந்து நமக்கு உபகரித்தாள் என்பர் பெரியோர். மலரிடும் கைக்கு மண்ணும் ஒட்டியிருக்கட்டும். இன்று தத்தம் இல்லத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். இறுகியிருந்தால் நெகிழ்த்துங்கள். அதை நமக்கு முன்னே யார் பேணி வைத்தார்கள் என்று ஒரு கணம் நினையுங்கள். அவர்கள் அருகிலேயே இருந்தால், சென்று ஒரு சொல் கேளுங்கள்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.
தொண்டரடிப்பொடியாழ்வார் திருவடிகளே சரணம்.
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.